பின் பம்பருக்கு ஒரு கொக்கி

அரிமளத்துக்குத் தெற்கே, தைலமரக் காட்டை ஒட்டிய ஊர் ஒன்றில், ஜீப்பின் பின் பம்பரில் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும் என்று நின்று விளக்கம் சொல்லக்கூடிய பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பெயர் திலகவதி. ஜீப் ஓட்டத் தெரியாது. அதில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டியதுகூடக் கிடையாது. ஆனாலும் சொல்வாள். எல்லாம் வீடியோ காலில் படித்த படிப்பு.

அவள் புருஷன் ஆண்டியப்பன் ஓமனில் இருக்கிறான். பாலைவனம் பார்க்க வருகிறவர்களின் வண்டி மணலில் புதைந்துவிட்டால் போய் இழுத்துவிடுகிற வேலை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அதில் பதினேழு வருஷம் ஓமன். லீவுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது நாலு வருஷம் தேறாது. மகள் இசைவாணி நடை பழகியது, பல் விழுந்தது, பெரியவளானது எல்லாவற்றையும் அந்த மனுஷன் போனில்தான் பார்த்தான். இப்போது அவளும் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் திலகவதி, கொட்டகையில் ஜீப்.

போன லீவில் வாங்கிய பழைய ஜீப் அது. "இதோட போதும் திலகா. வர்ற தைக்கு மூட்டையக் கட்டிட்டு வந்துர்றேன். மழை பேஞ்சா தைலமரம் ஏத்தப் போற வண்டியெல்லாம் சேத்துல மாட்டிக்கிட்டு முழிக்குதுல்ல, நான் போயி இழுத்து விடுறேன். அங்கிட்டுப் பாக்குற வேலைய இங்கிட்டுப் பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லித்தான் வாங்கினான். அந்தப் பேச்சை அவள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அந்த வேலைக்குப் பின்பக்கம் உறுதியாக ஒரு கொக்கி வேண்டும். மற்ற வண்டியை இழுப்பதும் அதை வைத்துத்தான். நம் வண்டியே புதைந்தால், வந்த தடத்திலேயே பின்னால் இழுத்து எடுப்பதும் அதை வைத்துத்தான்.

ஓமனில் அவனுக்குச் சாப்பாட்டு நேரம் வரும்போது இங்கே மணி மூன்று. தினமும் அந்நேரத்துக்குப் போன் அடிக்கும். ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவே கொக்கிப் பேச்சு ஓடும். டிரெய்லர் மாட்டுகிற உருண்டைத் தலையில் கயிறு கட்டவே கூடாது, அது முறிந்தால் குண்டு மாதிரிப் பறந்து வரும், கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பான். பம்பர் தகட்டில் வெல்டு வைப்பதெல்லாம் அழகுக்கு, இழுத்தால் பம்பர்தான் கழன்று வரும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்பான். அவளைச் 'சாப்பிட்டியா' என்று கேட்க மறந்த நாள் உண்டு, கொக்கியை மறந்த நாள் கிடையாது. வேறொருத்தியாக இருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பாள். திலகவதிக்கு அதில் வருத்தமே இல்லை. அவன் கொக்கியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தை மாதத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் அவளுக்குக் கேட்டது.

எந்த மாதிரிக் கொக்கி என்பதும் முடிவாகியிருந்தது. வாய் திறந்த கொக்கி. "கயிறு தொய்ஞ்சா நழுவும்தான். தெரிஞ்ச ஆளு பக்கத்துல நின்னு பாத்துக்கணும். நாந்தான் நிக்கப் போறேனே" என்றிருந்தான். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவளுக்கு அந்தக் கொக்கியைப் பிடித்துப் போயிற்று.

ஐப்பசி மழை ஒரு நாள் விட்டிருந்தபோது, அரிமளத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் செபமாலை வந்து வண்டியை எடுத்துப் போனான். திலகவதியும் பஸ் ஏறிப் பின்னாலேயே போய்விட்டாள். மூன்று மணிக்குப் போன் வந்ததும், ஸ்பீக்கரில் போட்டு செபமாலைக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, நீங்க சொன்ன கொக்கி வந்துருச்சு. இப்பவே மாட்டிரவா?"

ஆண்டியப்பன் தண்ணீர் குடித்தான்.

"மூடுன வளையம் இருக்குமே, அதப் போட்டுரு செபமாலை. சேசிஸ்ல போல்ட் போட்டு, செவப்புப் பெயிண்ட் அடிச்சு. ஒன்னுந் தெரியாதவன் வந்து கட்டுனாலும் கயிறு நழுவக் கூடாது."

"அதுவும் நல்லதுதாண்ணே" என்று செபமாலை வளையம் எடுக்க உள்ளே போனான்.

திலகவதி போனைத் தன் பக்கம் திருப்பினாள். இத்தனை மாதமும் அந்த வண்டியைப் பற்றி அவன் பேசிய பேச்சில் 'ஒன்னுந் தெரியாதவன்' என்று ஒருவன் வந்ததே இல்லை.

"ஏங்க, கொக்கியே போதும்னுதானே சொன்னீங்க? பக்கத்துல நீங்க நிப்பீங்கன்னு?"

"யாரு ஓட்டுனாலும் பயமில்லாம இருக்கட்டும்னுதான்..."

"யாரு ஓட்டப் போறா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"திலகா... இன்னும் ரெண்டே வருஷம். பாப்பா படிப்பு முடியட்டும். போன வாரம் கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒனக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. வண்டி சும்மா நின்னா வீணாப் போகும், நல்ல டிரைவரா ஒரு ஆளப் பாத்து..."

மிச்சம் அவள் காதில் ஏறவில்லை. சண்டை போடத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டவனிடம் என்ன சண்டை? அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே இன்னொரு தட்டு வேண்டும். என் சட்டையை எங்கே வைத்தாய் என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கத்த வேண்டும். மழைக்கு ஒழுகுகிற மூலையை அண்ணாந்து பார்த்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று சோம்பல் முறிக்க ஒரு ஆள் வேண்டும். நாற்பதை நெருங்குகிற வயதில் இதைக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

"சோறு ஆறிரும், சாப்புடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

செபமாலை வளையத்தையும் நாலு போல்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணினான்.

"அக்கா, மாட்டிரவா?"

"அது வேணாம் தம்பி. மொதல்ல சொன்ன கொக்கியப் போடு."

"அண்ணே வெவரமாத்தாங்க்கா சொல்றாரு. வேற ஆளு ஓட்டுறதுக்கு இதுதான் தோது."

"வேற யாரும் ஓட்டப் போறதில்ல. கொட்டகையிலயே நிக்கட்டும்."

"அக்கா, நாளப்பின்ன பாத்துட்டு என்னையத்தானே திட்டுவாரு?"

"திட்டட்டும்" என்றாள் திலகவதி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள்:

"வந்து திட்டட்டும்."