ரயில் வரும்வரை நின்ற அண்ணன்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் எனக்கு இன்னும் வீட்டில் இருப்புக்கொள்வதில்லை.

அண்ணன் பிறந்தது ஆவடி படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில். தென்மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த அப்பா, நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். அம்மா துணி தைத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். பாதிரியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போகிறேன் என்று அண்ணன் சொன்னபோது அம்மா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே பெட்டி அடுக்கிக் கொடுத்தார்.

குருவான சில ஆண்டுகளில், நெமிலிச்சேரிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கத்தோலிக்க மாணவர்களுக்கு ஆன்மகுருவாக அண்ணனை அனுப்பினார்கள். அங்கே கோவில் கிடையாது. ஞாயிறு மாலை பூசைக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவார்கள். ஆசிரியர் மேசைதான் பீடம். கரும்பலகையில் இருக்கும் கணக்கை அண்ணன் அழிக்க விடமாட்டார். மறுநாள் வாத்தியார் தேடுவாராம்.

விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் கொரட்டூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். ரயிலில்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரத்துக்கு வருமா என்ன? திருப்பலி ஆறு மணிக்கு என்று அறிவித்திருக்கும். அண்ணனோ வெள்ளை அங்கியோடு வராந்தாவில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடிவந்து உட்கார்ந்த பிறகுதான் நெற்றியும் நெஞ்சும் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து பூசையைத் தொடங்குவார். நேரத்துக்கு வந்த பேராசிரியர்கள் முணுமுணுப்பார்கள். நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"இன்னாண்ணா இது, வந்தவங்கள உக்கார வெச்சிட்டு வராதவங்களுக்கு நிக்கிற?"

"வந்தவங்கதான் வந்துட்டாங்களே பாப்பா. அதுங்க ஊரு உட்டு ஊரு வந்த புள்ளைங்க. பாதி பூசைல வந்தா கடைசி பெஞ்சில ஒளிஞ்சிக்கும். அப்பறம் வராமயே பூடும்."

சிறுநீரகம் பழுதான பிறகும், ஞாயிறு மட்டும் டயாலிசிஸ் வேண்டாம் என்று மருத்துவரிடம் கெஞ்சி அனுமதி பெற்றார். வேறு சாமியார் வர மாட்டாரா என்று அழுதேன்.

"வருவாரு. ரயிலுக்கு நிப்பாரான்னுதான் கவலையா கீது."

கடைசி ஞாயிறு மாலை மருத்துவமனையில் கண் திறந்து, "ரயிலு வந்துச்சா பாப்பா?" என்றார்.

"வந்துடுச்சிண்ணா. எல்லாரும் உக்காந்துட்டாங்க."

அண்ணனின் கை மெல்ல நெற்றிக்குப் போயிற்று. நெஞ்சுவரை வந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடக்கத் திருப்பலி ஆவடியில் எங்கள் பங்குக் கோவிலில் நடந்தது. குருக்களின் சவப்பெட்டியை மக்களைப் பார்த்தபடி வைப்பது வழக்கம். அண்ணன் முகம் வாசலைப் பார்த்திருந்தது. அன்று பார்த்து ரயில்கள் வழியில் நின்றுவிட்டன. பிள்ளைகளைக் காணோம். மணி அடித்து, பாடகர் குழுவும் எழுந்துவிட்டது. அண்ணனின் இடத்துக்கு வந்திருந்த இளம் குருவிடம் போய், "சாமி, ரயிலு இன்னும் வர்ல" என்றேன்.

"தெரியும்மா. நிக்கலாம்" என்று சொல்லி, அங்கியோடு வாசலில் போய் நின்றார். பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்கள். கடைசி பெஞ்சு பக்கம் ஒதுங்கியவர்களை அவர்தான் அண்ணனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

அண்ணனைத் தாங்கிய செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், எங்களைத் தனியே விடாத குடியிருப்பு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கண்ணீர் கலந்த நன்றி.

நினைவுத் திருப்பலி அதே வகுப்பறையில், வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். ரயில் வந்த பிறகுதான் தொடங்கும்.

கண்ணீருடன்,
தங்கை