கன்னியம்மாவின் முன்பற்கள்

முகத்துவாரத்துச் சேற்றுக்கு உப்பும் பாசியும் கலந்த ஒரு வாசனை உண்டு. எங்கள் எண்ணூர் வீட்டு வாசலில் கன்னியம்மா ஆயா கூடையை இறக்கும் முன்பே அது உள்ளே வந்துவிடும். ஆயா எங்களுக்குச் சொந்தமில்லை; தெருவுக்கு இறால் கொண்டுவருபவர். "பாப்பா, இன்னும் துள்ளிகினு கீது, அம்மாவைக் கூப்பிடு" என்பார். கால் முறிந்து வீட்டில் கிடந்த மகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் காப்பாற்ற, அவரும் மருமகள் தேவியும்தான் ஆற்றில் இறங்கினார்கள்.

அவர்களிடம் வலை கிடையாது. கழுத்து வரை தண்ணீரில் அமிழும்படி குந்தி நகர்ந்தபடி, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட, பனையோலையில் முடைந்த 'பறி' என்னும் சிறு கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். விடுமுறை நாட்களில் கரையில் உட்கார்ந்து இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும்தான் அப்படிச் செய்தேன்.

ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் பல் மருத்துவ முகாம் போட்டார்கள். பெரியவர்களையும் அழைத்து வரச் சொன்னார் ஆசிரியை. சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். ஈறு வீங்கி, ஒரு வாரமாகக் கன்னத்தில் கைவைத்தே இறால் விற்றுக்கொண்டிருந்த ஆயாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். "ஊசி எடுத்தான்னா நான் எய்ந்து ஓடிருவேன்" என்று வரிசையையே சிரிக்க வைத்தார். டாக்டர் பொறுமையானவர். ஆடிக்கொண்டிருந்த முன்பற்கள் நான்கையும் எடுத்தால்தான் வலி தீரும் என்றார். ஆயா என்னைப் பார்த்தார்.

"படிக்கிற பொண்ணு, நீ சொல்லு."

"எடுத்துடலாம் ஆயா" என்றேன்.

வலி தீர்ந்தது. நாலைந்து நாள் கழித்து ஆற்றில் இறங்கியபோது பறி வாயில் நிற்கவில்லை. ஈறால் கவ்வினார், கடைவாயில் இடுக்கினார். ஒவ்வொரு முறையும் நழுவி, பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போனது. கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியபோது நீரோட்டம் இழுத்துக் கயிறு இறுகியது. தேவி பாய்ந்து அவிழ்த்துவிட்டாள். "பல்லு போனா சொல்லு போவும்னாங்க. உனுக்குச் சொல்லு குண்டுக்கல்லாட்டம் கீது. ஏறு அத்தே மேல" என்று கேலி செய்து கரையேற்றியவள், அன்று இருவர் பாட்டையும் ஒருத்தியாகப் பட்டு, விறைத்த கைகளோடு வந்தாள். கரையில் அழுதுகொண்டிருந்த என்னிடம் ஆயா, "நல்லதுதானே நெனச்சே? வுடு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன்பிறகு அவர் ஆற்றில் இறங்கவேயில்லை.

போன மாதம் என் மகளை அங்கே அழைத்துப் போனேன். எதைக் காட்ட என்று எனக்கே தெளிவில்லை. கம்பெனி வேனுக்காகத் துடைப்பத்தோடு நின்றிருந்த தேவி அக்கா அடையாளம் கண்டுகொண்டார். ஆயா போய்ப் பல வருடமாகிவிட்டதாம். இத்தனை நாள் தேக்கிவைத்திருந்ததைச் சொன்னேன்.

"அட நீ ஒண்ணு! ஆறே பூட்ச்சு, பல்ல வச்சிகினு இன்னா பண்றது?"

எனக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா, தெரியவில்லை. வேன் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர்கள் கழுத்து வரை அமிழ்ந்திருந்த இடத்தில் இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து இறுகிக் கிடக்கிறது. "தொடாதே, வாயில் கை வைக்காதே" என்று நான் கத்திக்கொண்டே பின்னால் ஓட, மகள் அக்கரை வரை நடந்து போனாள்; அவளுடைய ஷூகூட நனையவில்லை.