கழித்துத் தொலைத்த நைட்ரஜன்

வானாய்வுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கோடு அக்கா. சாகிற நட்சத்திரம் உதறிவிட்டுப் போகும் வாயுக்கூட்டத்தைக் கிரக நெபுலா என்பார்கள். பெயரில் மட்டும்தான் கிரகம். அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளை அளந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: ஒரு நெபுலாவில் நைட்ரஜன் அநேகமாக இல்லை. அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டாள். அதனால் உலகம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. ஆனால் சலூன் வைத்திருக்கும் அவள் கணவர், நாற்காலியில் தலையைக் கொடுத்த யாரையும் இந்தக் கதையைக் கேட்காமல் எழ விட்டதில்லை.

போன வாரம் வேறொரு பெரிய தொலைநோக்கி எடுத்த படம் வந்தது. தன் பழைய அளவுகளை எடுத்து அதோடு வைத்துப் பார்த்தாள். நெபுலாவின் வெளிச்சத்தோடு நம் வானத்தின் வெளிச்சமும் கலந்தே வரும். பக்கத்தில் வெற்று வானத்தை அளந்து, அதைக் கழித்துவிட வேண்டும். அவள் வெற்று வானம் என்று நம்பி அளந்த இடம் வெற்றாக இல்லை. நெபுலாவின் மங்கலான விளிம்பு அதுவரை பரவியிருந்தது. அங்கே நைட்ரஜன் மண்டிக் கிடந்தது. நெபுலாவிலிருந்து நெபுலாவையே கழித்துவிட்டு, இல்லவே இல்லை என்று இத்தனை வருடமாகச் சாதித்திருக்கிறாள்.

கூடத்தின் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரு மெனக்கெட்டுத் திரும்பக் கணக்குப் போடப் போறாங்க? ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கும்மா வம்பு? விட்டுடுங்க."

அவளும் தலையாட்டினாள். பயம்தான். அந்த ஒன்றும் போய்விட்டால் அவளுக்கென்று என்ன மிச்சம்?

கணவரிடம் மட்டும் மனசு கேட்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்ப, இருக்குதா அது?"

"இருக்குதுங்க. நான்தான் கழிச்சுத் தொலைச்சுட்டேன்."



மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், வீட்டுச் சாவியைக் கொடுக்கச் சலூன் வாசலுக்கு வந்தாள். உள்ளே அவர் குரல் கேட்டது.

"அண்ணே, நைட்ரஜன் இல்லைன்னு சொன்னேன்ல? இருக்குதாம். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, இருந்தா என்ன, இல்லாட்டி எனக்கென்னப்பா?" என்றது நுரை பூசிய முகம்.

"இல்லண்ணே, சொன்னது நான்ல?"

அடுத்தவர் வந்து உட்கார்ந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போக முகமில்லாமல், சாவியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நடந்தாள்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன் சார்," என்றாள் இயக்குநரிடம்.

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டிருக்கார் சார். தப்பு பண்ணினது நான்."