குருத்தில் ஒரு பென்சில் கோடு

முதலில் றோஸ், பிறகு செடி. தண்ணீர் ஒரே சட்டிதான், துணி இரண்டு. மனைவி றோஸின் முகம், கழுத்து, முதுகு எல்லாம் துடைத்து, அவளை இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்த பிறகே நேசராஜா இரண்டாவது துணியை நனைப்பார். கட்டிலின் கால்மாட்டில் பூச்சாடியில் நிற்கும், தென்னையின் இனமான பாம் மரத்தின் ஓலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். போத்தல் விளக்கின் கரி அதில் படிந்திருக்கும். "மூச்சு முட்டும், பாவம்" என்பார்.

நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் படம் வரைந்தவர். காதில் இன்றும் பென்சில். சட்டைப்பையில் ஆறங்குல அடிமட்டம். வயது அறுபத்தெட்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை றோஸைத் திருப்பிப் படுக்கவைப்பார். ஒரு வருடமாக அவளுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. அது சின்ன வேலை இல்லை.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தெல்லிப்பழையை விட்டு இணுவிலுக்கு வந்தபோது, சைக்கிள் கரியரில் அரிசி கட்டவேண்டிய இடத்தில் இந்தச் சாடியைக் கட்டினார். றோஸ் இருபது வருடம் வளர்த்த மரம். அன்று அவள் ஓலைகளைப் பிடித்தபடி சைக்கிளின் பின்னால் நடந்தே வந்தாள். அடுத்த மாரிக்குள் பாரிசவாதம் வந்து வலக்கை, வலக்கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. புது ஓலை வந்ததா என்று காலையில் கேட்பாள்: "விட்டுதோ?"

"ஓம், வருது" என்றால் கஞ்சிக்கு வாய் திறப்பாள். ஒருமுறை, "இன்னும் இல்லை" என்று உள்ளதைச் சொன்னார். இரண்டு நாள் கரண்டியைப் பல்லால் தடுத்துக்கொண்டு கிடந்தாள்.

குண்டுச் சிதறலுக்குப் பயந்து அறையின் யன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது. வெளிச்சம் காணாமல் ஓலைகள் மஞ்சளித்தன. குண்டு செய்யலாம் என்று யூரியா உரத்துக்கு அரசாங்கத் தடை. தென்னம்பிள்ளைக் குழிக்கு உப்புப் போடுகிற ஊரில் வளர்ந்தவர் வேறென்ன செய்வார்? சாடியில் இரண்டு கை உப்புப் போட்டார். ஒரு கிழமையில் ஓலை நுனிகள் கருகின.

வீட்டுக்காரர் அருளம்பலம் புகையிலைத் தோட்டக்காரர். வந்து குனிந்து பார்த்தார்.

"நேசண்ணை, உதுக்கு என்ன போட்டனியள்?"

"உப்பு. கொஞ்சம்தான்."

"உது என்ன, வளவிலை நிக்கிற தென்னையே? சாடிக்குள்ளை போட்ட உப்பு எங்கை போகும்? நீங்கள் மரம் வளக்கேல்லை, ஊறுகாய் போட்டிருக்கிறியள்."

"இனி என்ன செய்யிறது?"

"வாளி வாளியா வாத்துக் கழுவுங்கோ. ஆனா உதுக்கு ஒரு குருத்துத்தான். குருத்துக் கையோடை வந்துதெண்டால் விட்டிடுங்கோ. பிறகு கடவுள் வந்தாலும் சரிவராது."

சாடியைச் சாக்கில் வைத்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். அடித்துவாரத்தால் வடிகிற தண்ணீரை வாளிக்கு ஒருமுறை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்பதாவது வாளியில்தான் உப்புக் கரிப்பு நின்றது.

அன்றே குருத்தின் அடியில், பக்கத்து மட்டை பிரிகிற மட்டத்துக்குச் சரியாகக் கறுப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். குருத்து வளர்ந்தால் கோடு மேலே ஏறவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் முடிந்ததும் றோஸ் பார்க்க அடிமட்டத்தைப் பிடித்து அளந்தார். நான்கு ஞாயிறாகக் கோடு அசையவில்லை. அவளுக்குத் தெரியாதபடி ஒவ்வொருமுறையும் அடிமட்டத்தைக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொண்டு, "ஓம், வருது" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு துடைக்கும்போது ஒரு புளித்த நாற்றம் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு விரலால் குருத்தை மெல்லப் பிடித்தார். இழுக்கவே இல்லை, அது கையோடு வந்தது. அடி மண்ணிறமாக அழுகி, வழுவழுத்துக் கிடந்தது.

முதுகுக்குப் பின்னால் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "விட்டுதோ?"

நேசராஜா திரும்பவில்லை. அழுகிய அடியைத் துணியால் துடைத்தார். குருத்தை வந்த துவாரத்துக்குள்ளேயே திரும்ப இறக்கினார். முழுக்க இறக்கவில்லை. அடிமட்டத்தை வைத்துப் பார்த்து, பென்சில் கோடு மட்டைக்கு மேலே சரியாக அரை அங்குலம் நிற்கும்படி நிறுத்தினார். சாயாமல் இருக்கப் பக்கத்து ஓலையோடு நூலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

பிறகு அவள் பார்க்கட்டும் என்று விலகி நின்று, கஞ்சிக் கரண்டியை எடுத்தார்.