ஓர் ஆட்டமாவது தோற்காமல் திரும்பாத ஜெசிந்தா அக்கா

செய்தி முதலில் என் கணினித் திரைக்குத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, ஜெசிந்தா அக்காவின் பெயரில் இருந்த நான்கு புகார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேறொருவர் பெயருக்கு மாறின. விடுப்பில் இருப்பவரின் புகார்கள் அப்படி மாறுவதில்லை. அவர் திரும்பி வரும்வரை அங்கேயே கிடக்கும். பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்மிதாவிடம் கேட்கத் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தபின் கேட்கத் தேவைப்படவில்லை.

எலிக்காய்ச்சல். மழைநீர் தேங்கிய கேபிள் குழியில் இறங்கியவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு மேலும் இரண்டு நாள் வேலைக்கு வந்தார். பிறகு மூன்று நாள் மருத்துவமனை. வயது நாற்பத்தொன்று.

அவர் ஊரான விழிஞ்ஞத்தில் அடக்கம் முடிந்த பிறகு, அலுவலகத்தின் சார்பில் யாராவது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் மேலாளர். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள், அக்காவோடு தொலைபேசியில் அதிகம் பேசியவள் நான் என்பதால். அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன். அவரோடு வேலை செய்த உங்களுக்காகவும், அவரைத் தங்கள் வீட்டு முன்னறையில் உட்கார வைத்து விளையாட்டுக் கருவியைக் கையில் கொடுத்தவர்களுக்காகவும்.

அவரை அறியாதவர் யாரேனும் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனம் எங்களுடையது. நான் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எடுப்பவள். அக்கா ஏணியும் கேபிள் சுருளுமாக ஸ்கூட்டரில் போய்ப் பழுது பார்ப்பவர். எங்களுக்கு வரும் புகார்களில் யாரும் கையில் எடுக்க விரும்பாதது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் கருவிகளைப் பற்றியது. "லேக் ஆகுது" என்பார்கள். பொத்தானை அழுத்தினால் பந்து அரை நொடி கழித்துத்தான் போகிறது என்பார்கள். நாங்கள் வேகத்தைச் சோதிப்போம். வேகம் சரியாக இருக்கும். "வாடிக்கையாளர் கருவியில் கோளாறு" என்று எழுதிப் புகாரை மூடுவோம். அதுதான் வழக்கம்.

அக்காவின் வழக்கம் வேறு. கேம் புகாருக்குப் போனால், வேலை முடிந்ததும் அந்த வீட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓர் ஆட்டம் விளையாடிப் பார்க்காமல் கிளம்ப மாட்டார். பெரும்பாலும் தோற்பார். வேலைத் தாளில் இணைய வேகத்தை எழுத வேண்டிய கட்டத்தில், "தோல்வி 5–0. லேக் இல்லை" என்று எழுதிக் கொண்டுவருவார். இது அலுவலகத் தாள் என்று மேலாளர் ஒருமுறை கோபித்துக்கொண்டார். அக்கா அசையவில்லை. "சாரே, அஞ்சு கோல் வாங்கினது லேக்கால இல்ல, என் கையால. அதைத்தான் ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன்" என்றார்.

கரமனையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் கார்ப் பந்தயம் விளையாடுவார். அவரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும், நம் எல்லோரையும் திட்டியிருக்கிறார். அக்கா அவர் வீட்டில் கார் ஓட்டிச் சுவரில் மோதியதைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரி, நீ ஓட்டுவது காரா ஆட்டோவா என்று கேட்டாராம். "ஆட்டோதான் சாரே. ஆனா திருப்பினா திருப்பின நேரத்துக்குத் திரும்புது. நேத்து திரும்பலன்னுதானே கூப்பிட்டீங்க" என்று அக்கா பதில் சொன்னதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அதன்பின் அவர் நம்மைத் திட்டியதில்லை.

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

வலியசாலையில் பார்வதி மாமி என்று ஒரு வாடிக்கையாளர். அவர் மகன் ஹரிக்கு இருபத்தாறு வயது. பைக் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் அவனும் ஓர் அணியாக மாலைகளில் இணையத்தில் கால்பந்து ஆடுவார்கள். விபத்துக்குப் பிறகு நண்பர்கள் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது, ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. இப்போது அதுவும் போகும் நிலை. அவன் பந்தைக் கொடுப்பதற்குள் எதிரணி பறித்துக்கொண்டது. ஒரு போட்டி நெருங்கியது. அவனுக்குப் பதில் வேறொருவனைச் சேர்க்கலாமா என்று நண்பர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

இவ்வளவையும் அவன் என்னிடம் சொல்லியிருந்தான். ஆறு முறை அழைத்தான். ஆறு முறையும் எடுத்தவள் நான். ஆறு முறையும் வேகத்தைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி மூடினேன்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கும் அப்பா, மகளுக்கு ஆபீஸ் வேலை உறுதியாகப்போகிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மூடிய புகாரை மறுபடி திறந்தால், மூடியவரின் பிழையாக அது அவர் பெயரில் நிற்கும். அதனால் ஹரியின் ஒவ்வொரு அழைப்பையும் புதிய புகாராகப் பதிந்து, புதிதாகவே மூடினேன். இதைச் செய்யும்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

கடைசியில் மாமியே அலுவலகத்துக்கு வந்து, ஆள் அனுப்பினால்தான் எழுந்திருப்பேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா போனார். போய் அரைமணி நேரத்தில் என்னை அழைத்தார். வாடிக்கையாளர் வீட்டு ரூட்டரை எங்கள் மேசையிலிருந்தே பார்க்க முடியும்.

"வேகம் சரிதான், நானும் பார்த்தேன். வீட்டுக்குள்ள வர்றதை விடு. வெளிய போறதைப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஆறு முறையும் நான் பார்க்காத இடம் அது. அந்த வீட்டிலிருந்து ஏதோ ஒன்று இடைவிடாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியே போகும் வழி முழுவதையும் அது அடைத்திருந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்கள் வெளியேறும் வாயிலில் ஒரு பெரிய வண்டி குறுக்கே நின்றால், பின்னால் நிற்கும் பஸ்ஸுக்குச் சாலை எவ்வளவு அகலமாக இருந்து என்ன? ஹரி அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் அந்த வண்டிக்குப் பின்னால் காத்து நின்றது.

அது ஹரியின் அறையில் இருந்த காமிரா. மாமி வைத்தது.

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அக்கா கீழே வைத்துவிட்டதால் அங்கே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. காமிராவை அணைக்க மாமி சம்மதிக்கவில்லை. "ஒருநாள் கட்டில்லேந்து விழுந்துட்டான்மா. ஒரு மணி நேரம் தரையிலே கெடந்திருக்கான். நான் கோவில்லே பிரதட்சிணம் பண்ணிண்டிருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு ஃபோனில் அவனைப் பார்க்க முடியாமல் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லையாம்.

அக்கா சொன்னார்: "ஆடுற நேரம் மட்டும் அணைச்சாப் போதும் மாமி. ஆடும்போது அவன் கத்துவான். கத்துறவனுக்குக் காமிரா எதுக்கு? சத்தம் நின்னா ஓடி வாங்க."

"இப்பல்லாம் அவன் கத்தறதே இல்லையே."

"லேக் போனாக் கத்துவான், கேட்டோ."

அக்ரஹாரத்து வீடு ரயில் பெட்டிபோல நீளமானது. ரூட்டர் வாசலருகே இருந்தது. ஹரியின் கட்டில், குளியலறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், கடைசி அறையில். நடுவில் இத்தனை சுவர்களைத் தாண்டி வைஃபை தள்ளாடிக்கொண்டு போவதும் பிடிக்கவில்லை என்று, அக்கா நிலைவாசல்களின் மேலே கேபிளை இழுத்துக் கேம் கருவியில் நேராகச் சொருகினார். மற்றவை எல்லாம் ஒதுங்கி, கேம் முதலில் போகும்படி ரூட்டரில் ஓர் அமைப்பை நான் இங்கிருந்து மாற்றினேன். பிறகு அவர் கேட்டார்.

"இதை ஆறு தடவை மூடினது யாரு?"

ரூட்டர் அமைப்பைச் சேமித்தேனா என்று நான் இன்னொரு முறை பார்த்தேன்.

"மோளே, எனக்குத் தெரியும். திரையில பேரு இருக்கு. பழைய புகாரைத் திற. உன் பேர்லயே திற. மூடினது நீ, திறக்கறதும் நீதான். இந்தா, அவன்கிட்டச் சொல்லு" என்று ஃபோனை ஹரியிடம் கொடுத்துவிட்டார்.

நான்தான் மூடினேன் என்று சொன்னேன். அவன், "தெரியும். உங்க குரல் தெரியும்" என்றான். காமிராவை மாமி அணைத்தாரா என்று திரையில் பார்த்தேன். அணைத்திருந்தார். ஹரிக்கும் அக்காவுக்கும் ஆட்டம் தொடங்கியது. நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. மூன்றாவது கோலோ நான்காவதோ, ஹரி கத்தினான். அடுக்களைப் பக்கமிருந்து யாரோ ஓடிவரும் காலடி கேட்டது, பிறகு நின்றது.

இதை ஒரு வெற்றிக்கதையாக முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்தப் போட்டிக்கு நண்பர்கள் ஏற்கெனவே வேறொருவனைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அடுத்த போட்டியில்தான் ஹரிக்கு இடம் கிடைத்தது. முதல் போட்டியில் அவனுக்கு இடமில்லாமல் போனதை அக்கா என்னிடமிருந்து மறைக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொன்னார். ஒரு வாரம் முந்திப் போயிருந்தால் அவன் ஆடியிருப்பான் என்றார். ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. அதனால் அவர்மேல் எனக்கு இரண்டு வாரம் கோபம் இருந்தது. பழைய புகாரை என் பெயரில் திறந்ததால் என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அப்பாவிடம் காரணத்தைச் சொன்னபோது, திறக்கச் சொன்ன அந்த அம்மா எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்.

அவர் எழுதிய தாள்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. அவர் ஸ்கூட்டர் விழிஞ்ஞத்து வீட்டில் நிற்கிறது. என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. இப்போதெல்லாம் வேகத்தைச் சோதிக்கும் முன்பே, இந்த இணைப்பால் உங்களுக்கு எது நடக்காமல் இருக்கிறது என்று கேட்கிறேன்.

அவர் போன மறுநாள் பேட்டையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கேட்டேன். மஸ்கட்டில் இருக்கும் தங்கையைக் கார்ப் பந்தயத்தில் ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும், முன்பு சண்டைபோடாத நாளே இருக்காது, இப்போது லேக் என்று சொல்லித் தங்கை விளையாட வருவதையே விட்டுவிட்டாள் என்றாள். வேகம் சரியாகத்தான் இருந்தது. வெளியே போவதும் சரியாக இருந்தது. எங்கே பிழை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மூடிவிடலாமே என்று மேலாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அந்தப் புகார் என் பெயரில் திறந்தே இருக்கிறது.