உசாந்தியின் இருபத்திரண்டு பேப்பர்

எங்கள் உசாந்தி டொக்டராக வந்த கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். முழுக்கதையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் பெயர் கோணாமலை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடித்துத் தொடங்கினேன். பிறகு ஒரு தோணி, பிறகு மூன்று தோணி. கடைசியில் ஏறாவூர் வியாபாரிகள் கரையில் என் இறால் வாடிக் கொட்டிலுக்கு வந்து காத்துநிற்கும் நிலைக்கு வந்தேன். ஒருவரும் கைதூக்கி விடவில்லை.

உசாந்தி என் தங்கச்சியின் மகள். தகப்பன் முன்னமே இல்லை. நாவலடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே அவர்கள் வீடு. 2004 மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, அவள் டவுனில் ரியூசனில் இருந்தாள். அதனால் தப்பினாள். தங்கச்சியும் வீடும் சுனாமியோடு போய்விட்டன.

மூன்றாம் நாள் வாவிக்கரைச் சதுப்பில் கிண்ணை மரப் பற்றைக்குள் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி கிடந்தது. உசாந்தியின் வாளி. உள்ளே உயிரியல் மாதிரி வினாத்தாள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ஐம்பது கேள்வி, கேள்விக்கு ஐந்து விடை. சரியான விடைகளின் இலக்கங்கள் மட்டும் அச்சடித்த சின்னத் துண்டு ஒன்று ஒவ்வொன்றோடும் குண்டூசியால் குத்தியிருந்தது. எல்லாம் ஊறிக்கிடந்தன. இறால் காயவைக்கிற பாயில் நானே பரப்பிக் காயவைத்தேன். எட்டுப் பேப்பரில் மட்டும் ஊசி கழலவில்லை. மற்றப் பதினான்கிலும் துண்டு தனி, பேப்பர் தனி. எந்தத் துண்டு எந்தப் பேப்பருக்கு என்று மூலையில் பேனாவால் எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. நான் எல்லாவற்றையும் அடுக்கிப் புது ஊசி குத்திக் கொடுத்தேன்.

"எது எதுக்குரியதெண்டு தெரியுமா மாமா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாததா?" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். 2005இல் அவளால் ஏ.எல். சோதினை எழுத முடியவில்லை. அடுத்த வருசம் ஆவணியில் எழுதுவதாக முடிவு. வைகாசியில் இருந்து இரவில் தினம் ஒரு பேப்பர். பகலில் வீட்டு வேலையும் ஆட்களும். இரவில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி விளக்கைச் சின்னதாக வைப்போம். வெளியே வெளிச்சம் தெரிந்தால் ரோந்து வருகிற ஆமி வந்து விசாரிக்கும் யுத்த காலம் அது. இருக்கிற இருபத்திரண்டையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், விடை கண்ணில் பட்டால் மனதில் ஒட்டிவிடும் என்று துண்டுகளை என்னையே கழற்றி வரிசையாக வைத்திருக்கச் சொன்னாள். அவள் எழுதிவிட்டுப் படுப்பாள். நான் இலக்கத்தோடு இலக்கம் பார்த்துக் கூட்டி, விடியக் காலை புள்ளியை மட்டும் சொல்வேன். கேள்வியில் ஒரு எழுத்தும் எனக்கு விளங்காது. ஆனால் இலக்கத்தில் நான் பிழைவிட மாட்டேன்.

ஒரு நாள் நாற்பத்தொன்று, மறுநாள் பதினொன்று. பிறகு எட்டு. பிறகு முப்பத்தொன்பது. பிறகு ஒரு கிழமை முழுக்கப் பத்தைத் தாண்டவில்லை. அவள் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போவாள். சாப்பாடு குறைந்தது. ஆடி மாதம், குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரருக்குத் தானே சொல்லியனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவர் வருவதாக இருந்தது.

வியாழன் இரவும் ஒரு பேப்பர் எழுதினாள். படுக்கப் போகவில்லை. முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டினேன். ஒன்பது.

"நாளைக்குப் பாஸ்போட்டைக் குடுக்கப் போறன் மாமா."

"என்ன புள்ள கதை இது?"

"அம்மாவக் கொண்டுபோன அண்டு கடல் எண்ட தலைக்குள்ளயும் வந்து போயிட்டுது. படிக்கிறன், நிக்குதில்ல. சரியெண்டு நினைச்சுப் போடுறதெல்லாம் பிழை."

எந்தக் கேள்வி பிழைத்தது, ஒன்றை வாசி பார்ப்போம் என்றேன். வாசித்தாள். இறாலின் நடக்கும் கால்கள் எத்தனை சோடி? அவள் போட்டது ஐந்து. துண்டில் இருந்த இலக்கத்தின்படி விடை மூன்று சோடி.

முப்பது வருசமாக இறாலோடு கிடக்கிறவனுக்குப் பொறுக்குமா? எழுந்துபோய் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துவந்து மேசையில் மல்லாத்திப் போட்டேன். நடக்க முன்னால் ஐந்து சோடி. நீந்த வால்பக்கம் வேறு ஐந்து சோடி. விளக்கைக் கிட்ட வைத்து எண்ணிக் காட்டினேன்.

"நடுச்சாமத்தில இறாலோட என்ன வழக்கு?" என்று உள்ளே இருந்து என் மனைவி சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

"சும்மா இரிகா. இத அச்சடிச்சவன் இறாலைக் கண்டதே இல்ல."

உசாந்தி சிரிக்கவில்லை. என் கையில் இருந்து துண்டை வாங்கினாள். அன்றுதான் முதல் தடவை. நாலைந்து கேள்வியை விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"இது இந்தப் பேப்பருக்குரியதில்ல மாமா. ஆர் இப்பிடி அடுக்கின?"

கடல் குழப்பியது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். தெரியாது என்று ஒரு மனிதனுக்கு முன்னாலும் நான் அதுவரை சொன்னதில்லை.

"நான்தான். மை அழிஞ்சு கிடந்தது. தெரியும் எண்டு சொன்னது பொய்."

அவள் ஏசவில்லை. எல்லாத் துண்டுகளையும் கேட்டாள். ஒவ்வொரு பேப்பரிலும் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த கேள்விகளை வைத்து, பொருந்துகிற துண்டைத் தேடிக் குத்தினாள். நான் ஊசி எடுத்துக் கொடுத்தேன். பதினான்கும் மாறிக்கிடந்தன. அன்று எழுதியதைச் சரியான துண்டை வைத்துத் திரும்பக் கூட்டினோம். நாற்பத்துமூன்று.

"அப்ப எண்ட தலைக்கு ஒண்டும் இல்லயா மாமா?"

"ஒண்டும் இல்ல புள்ள."

அதற்குள் சேவல் கூவிவிட்டது. ஏஜென்சிக்காரர் வந்தால் தான் குவைத்துக்குப் போகவில்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு, பேப்பர்களுக்கு நடுவிலேயே படுத்துவிட்டாள். வாசல் படலையில் வைத்து அவரிடம் அதை நான் சொன்னேன்.

வாவிக்கு மேலால் ஷெல் போகும் சத்தத்துக்குள்தான் அந்த ஆவணியில் சோதினை எழுதினாள். யுத்தம் முடிந்தபோது மருத்துவ பீடத்தில் இரண்டாம் வருசம். இன்று டொக்டர்.

என் வாடிக்கு வருகிறவர்களிடம், நான் பேப்பர் பார்த்துத்தான் அவள் டொக்டரானவள் என்று சொல்வேன். அவள் பக்கத்தில் இருந்தால், "ஓம், மாமாதான் பார்த்தவர்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. இரண்டு மாதம் தன் தலையில் பிழை என்று நம்பி அவள் எழும்பிய விடியல்களை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. அவள் சொல்லாததால் நானே இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆனால் ஐந்து சோடி என்பதில் நான் பிழைவிடவில்லை.