கடைமடையில் பிறந்த தலைமடையார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் திருத்துறைப்பூண்டி ரோட்டில் நிற்கிறதே ஒரு ரைஸ் மில் — நான் கட்டியது. இது உவர்மண், அஸ்திவாரம் நிற்காது என்றார் என்ஜினீயர். நின்றது. அறுவடை மெஷின் நான்கு. கல்யாண மண்டபம் ஒன்று. மில் வாசலில் பஸ் நிற்காது என்றார்கள். நான்கு வருடம் மனுக் கொடுத்தேன். இன்று கண்டக்டர், "ரெங்கசாமி மில் எறங்கு!" என்று கத்துகிறார். வாராவாரம் இந்தப் பத்தி வேறு. (எழுத்துப் பிழையை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். விஷயம் என்னுடையது.)

இத்தனை செய்த எனக்கு, நான் உண்டாக்கியதிலேயே பெரியது எது என்று போன வாரம்தான் தெரிந்தது. இன்னும் கால் தரையில் பாவவில்லை. சொல்லிவிடுகிறேன்!

என் பேத்தி கயல்விழிக்கு ஆவணியில் கல்யாணம். மாட்டு டாக்டருக்குப் படித்தவள். மாப்பிள்ளை முகிலன் கூடப் படித்தவர், நன்னிலத்துக்காரர். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது, இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது, மண்டபம் நம்முடையது. வேறென்ன வேண்டும்? திங்கட்கிழமை கல்யாண அழைப்பிதழின் புரூஃப் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

மணமகள்: தலைமடையார் ரெங்கசாமி அவர்களின் பேத்தி. சரி.

மணமகன்: தலைமடையார் வைத்திலிங்கம் அவர்களின் பேரன்.

என்னது?

அச்சகத்துக்கு போன் போட்டேன். "தப்பு இல்லீங்கய்யா. மாப்பிள்ளை வீட்டுல எழுதிக் குடுத்ததுதாங்க" என்றார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பட்டப்பெயர் என்பது தகப்பன் வழியில் வருவது. பட்டம் ஒன்று என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. அப்புறம் எப்படித் தாலி கட்டுவது? ஊரெல்லாம் இருக்கும் பட்டமாக இருந்தால், அந்தத் தலைமடையார் வேறு, நாங்கள் வேறு என்று சமாளிக்கலாம். எங்களுடையதோ அபூர்வப் பட்டம்! எங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் எவருக்கும் கிடையாது என்று மார்தட்டியவன் நான். அபூர்வத்தில் இப்படி ஓர் ஆபத்து இருக்கும் என்று யார் கண்டது?

இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்கிறீர்களா... பயோடேட்டாவில் இனிஷியல்தானே இருக்கும்? மில்லுக்கும் அந்தப் பெயர் இப்போது இல்லை; கயல் பிறந்ததும் என் மகன் அவள் பெயருக்கு மாற்றிவிட்டான். (கண்டக்டருக்கு மட்டும் இன்னும் ரெங்கசாமி மில்தான்.) பட்டமெல்லாம் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி — கல்யாணத்துக்குத்தான் வெளியே வரும்.

மதியத்துக்குள் நன்னிலத்திலிருந்து போன். மாப்பிள்ளையின் அப்பா செல்வராசு. பள்ளிக்கூட வாத்தியார், மெதுவாகத்தான் பேசுவார்.

"சம்பந்தி... எங்க அத்தை ஒத்துக்க மாட்டேங்குறாங்க. மொறை தப்புதுன்னு ஒரே அழுகை. அவங்க பேச்சைத் தாண்டி எங்க வீட்டுல எதுவும் நடக்காது. நேர்ல வந்தீங்கன்னா..."

கயலிடம் விஷயத்தைச் சொன்னேன். புரூஃபை எடுத்து நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்குமா?

நானும் என் மனைவி காமாட்சியும் நன்னிலத்துக்குக் கிளம்பினோம். பேச்செல்லாம் நம் மண்டபத்திலேயே முடிந்ததால், அவர்கள் வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அது நல்ல சகுனமில்லை.

அத்தை பெயர் தனபாக்கியம். மறைந்த வைத்திலிங்கத்தின் தங்கை. எங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார். மரியாதை அவ்வளவுதான்.

"வாங்க. உக்காருங்க. ஆனா கல்யாணத்தப் பத்திப் பேசாதீங்க."

"குலசாமி வேறதானேம்மா? அதப் பாத்துத்தானே பேசி முடிச்சோம்?"

"எடம் மாறுனா சாமி மாறும். பட்டம் மாறுமா?"

சரி, அவர்கள் பட்டம் வேறு வழியில் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. "உங்களுக்கு அது எப்படி வந்துச்சும்மா?" என்றேன்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க அண்ணன் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். ராஜா காலத்துல, ஆத்துத் தண்ணி மொதல்ல பாயற தலைமடையில கரை ஒடைஞ்சு போச்சு. எங்க முன்னோருங்க ஒம்போது அண்ணன் தம்பி, கையைக் கோத்துக்கிட்டு ஒடப்புல படுத்துட்டாங்க. தண்ணி நின்னுருச்சு. ராஜா வந்து பாத்தாரு. மோதிரம் குடுக்கல, மாலை குடுக்கல. காதுல கெடந்த ஒத்தக் கடுக்கனைக் கழட்டிக் குடுத்து, இன்னியிலேருந்து நீங்கதான் தலைமடையார்னு சொல்லிட்டுப் போனாரு."

ஒற்றைக் கடுக்கன்! அந்தக் கதையை இந்தப் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன், பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். (வாத்தியார் இந்த இதழைப் படிப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அது தனி வருத்தம்.) ஒரே வித்தியாசம் — என் கதையில் ஏழு பேர்.

"எங்க வீட்டுலயும் அதே கடுக்கன்தாம்மா..." வாய் தவறிவிட்டது.

"பாத்தியாடா செல்வராசு! கடுக்கன் ஒண்ணுன்னா ரத்தமும் ஒண்ணுதானே!" அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்த அம்மாளுக்கும் முகிலன்தான் உயிர். நிறுத்துவது அவருக்கும் இஷ்டமில்லை.

தலையைத் திருப்பிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ. லாரி முன்னால் ஒருவர் கைகட்டி நிற்கிறார். லாரியின் நெற்றியில் 'தலைமடையார்' என்று எழுதியிருக்கிறது.

"அப்பாங்க. நாங்க வாங்குன மொத லாரி" என்றார் செல்வராசு.

எழுந்து கிட்டே போனேன். பம்பரின் இடது மூலை நசுங்கியிருந்தது. மன்னார்குடி ரயில்வே கேட்டில் நசுங்கியது. எனக்கு எப்படித் தெரியும்? இடித்தவனே நான்தானே!

அட, நம்ம டிரைவர் வைத்தி!

டெல்டாவில் எத்தனை வைத்திலிங்கம்... எனக்கு எப்படித் தோன்றும்? ஆறு வருடம் என் லாரியை ஓட்டியவர். பிறகு அந்த லாரியையே என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். போர்டை அழிக்கவில்லை. போன ஊரில் போர்டைப் பார்த்து அவரைத் தலைமடையார் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வண்டியை மட்டும்தான் விற்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

லாரியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பட்டக் கதை சொல்லும்போது, "ராஜா மோதிரம் குடுத்தாராண்ணே?" என்று கேட்டது வைத்தி. "இல்ல, ஒத்தக் கடுக்கன்" என்று அந்த நிமிடம் வாயில் வந்ததைச் சொன்னது நான்.

ஆமாம். ராஜாவும் இல்லை, கடுக்கனும் இல்லை. சொன்னால் கல்யாணம் நடக்கும், நாற்பது வருடக் கதை போய்விடும். சொல்லாவிட்டால் கதை நிற்கும். அந்த மடித்த புரூஃப்...?

"சொல்லுங்க" என்றாள் காமாட்சி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை. "போர்டு எழுதுன அன்னிக்கு நானுந்தான் பக்கத்துல நின்னேன்."

சொன்னேன்.

நான் கடைமடையில் பிறந்தவன். மேட்டூர் திறந்தால் தலைமடைக்காரனுக்கு முதலில் தண்ணீர். பாபநாசம் பக்கம் நட்ட பயிர் பச்சை பிடித்திருக்கும். எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அதுவும் எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று மண்வெட்டியோடு கரையில் நிற்பதுதான் என் அப்பாவின் வேலை. தண்ணீரும் கடைசி, கூலியும் கடைசி. அவருக்குப் பெயர் உண்டு. பட்டம் யார் கொடுத்தார்கள்?

மில் கட்டி முடித்ததும் போர்டு எழுத வந்தவர் கேட்டார். "பேருக்கு முன்னாடி என்ன பட்டங்க போடணும்? எல்லா மில்லுக்கும் இருக்குங்களே."

"தலைமடையார்னு எழுது."

"நீங்க கடைமடைங்களே?"

"எழுதுய்யா. பெயிண்டு உன்னுது, பேரு என்னுது."

அவ்வளவுதான் வரலாறு. எவனாவது கேட்டால் என்ன சொல்வது என்றுதான் ராஜாவைக் கூப்பிட்டேன்.

செல்வராசுவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எங்கப்பா சொன்னதெல்லாம்...?"

"உங்கப்பா புதுசா எந்தப் பொய்யும் சொல்லலைங்க. நான் சொன்னதைத்தான் சொன்னாரு. சொந்த வண்டி வாங்குனாரு, உங்களைப் படிக்க வச்சாரு. அந்தப் பேருக்கு ஒரு குறை வைக்கலியே?"

அவர் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் வாய் திறந்தார்.

"அடப்பாவி மனுசா! இல்லாத கடுக்கனுக்கா நான் சாப்புடாம கெடக்கேன்?"

அப்புறம் சிரித்தார் பாருங்கள்... வாத்தியாரும் சிரித்துவிட்டார்! "ஏழு பேரை யாரு ஒம்போதாக்குனது?" என்று கேட்டேன். அண்ணன் சொன்னது ஏழுதானாம். உடைப்புக்கு ஏழு போதாது என்று அத்தையே இரண்டு பேரைப் படுக்கவைத்திருக்கிறார்.

கயலுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "தாத்தா, பொய்ய ஒத்துக்கிட்டவரு இவ்ளோ சந்தோசமாவா பேசுவாரு?"

"பொய்யில்லடி, கண்டுபிடிப்பு!"

பின்னே? காபி குடித்துக்கொண்டே எண்ணிப் பார்த்தோம். இந்தப் பட்டம் போட்டுக்கொள்பவர்கள் என் வீட்டில் பதினொரு பேர். வைத்தி வழியில், தம்பி பிள்ளைகளையும் சேர்த்து, இருபத்துமூன்று பேர். பாபநாசத்தில் ஒரு லேத் பட்டறைக்கும் இதே பெயர்!

யோசித்துப் பாருங்கள். எந்தப் பட்டமானாலும், என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருவன் முதல் தடவை வாயைத் திறந்து சொல்லித்தானே இருக்க வேண்டும்? அவன் யாரென்று எவருக்கும் தெரியாது. இந்தப் பட்டத்துக்குத் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் முன்னோர் உண்டு. நானே முன்னோர்!

ஆகவே வாசகர்களே, கடுக்கன் கதையை வெட்டி வைத்திருந்தால் ராஜாவை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பிதழையும் திருத்தச் சொல்லிவிட்டேன். கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் கொடுத்தவனே உபயம் என்று தன் பெயரை எழுதிக்கொள்கிறான். முப்பத்துநாலு பேருக்குப் பெயர் கொடுத்தவனுக்கு ஒரு வரி கிடையாதா? 'பட்டம் உபயம்: ரெங்கசாமி.' போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் மண்டபத்தில் மைக்கைப் பிடிப்பேன் — மண்டபமும் என்னுடையது.

"வைத்தியண்ணன் பேரும் போடணும். ஊரு ஊரா கொண்டு போனது அவருதானே?" என்கிறாள் காமாட்சி.

போடலாம். ஆனால் முதல் வரி எனக்கு. கடைசியில் நின்றது போதும்.